ஏழாயிரம்பண்ணையில் எல்லாருக்கும் வீக்கு

ஊசி போடும் தொழிலில் நரம்பு கிடைப்பதுகூட லேசு, "என்ன செய்யுது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதுதான் பெரும்பாடு. என்னைப் போல நர்ஸ் வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியாததா!

எல்லாத்துக்கும் ஒரே பேர்

எங்கள் சின்ன ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து நின்றால் ஒரே கூட்டம். தலைவலி, காய்ச்சல், தூக்கமின்மை, மாமியார் சண்டை எல்லாத்துக்கும் ஒரே பேர்தான்: வீக்கு.

ட்ரிப்ஸ் ஏற்றினால் போதும், கண்ணை மூடிக்கொள்வார்கள். புருவத்தில் ஒட்டிய அலுமினியப் பவுடர் மஞ்சள் வெயிலில் மினுங்கும். சொட்டுச் சொட்டாய் இறங்குவதைப் பார்த்தபடி நானும் எங்கேயோ போய்விடுவேன். ஊரே வெள்ளியில் செய்தது போல இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் முத்துமாரிதான் படுத்தபடியே என்னை உலுக்குவாள்.

"சிஸ்டர், பாட்டில் முடிஞ்சு போச்சு. நீங்களும் வீக்கா இருக்கீகளா?"

பூனைச் சத்தம்

ஒருநாள் முத்துமாரி மூச்சு விட்டால் பூனை கத்துவது போலச் சத்தம். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, இனி அந்தப் பவுடர் பக்கமே போகக்கூடாது என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கம்பெனியில் வீக்கு என்றால் ஒருநாள் லீவு. மூச்சிரைப்பு என்றால் வேலையே கிடையாது. புருஷன் இல்லாத வீடு, பிள்ளைகள் வேறு.

"போர்மேன் கேட்டா வீக்குன்னே சொல்லுங்க சிஸ்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போர்மேன் வந்தார்

மறுநாள் சாயங்காலம் போர்மேன் அண்ணாச்சி வந்தேவிட்டார். போச்சுடா, விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் வாசப்படி ஏறியதும் பெஞ்சில் உட்கார்ந்து இரைத்தார். அதே பூனை!

"என்ன செய்யுது அண்ணாச்சி?" என்றேன். "ஒண்ணுமில்ல, வீக்கு" என்றார். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "முத்துமாரிக்கும் இதே வீக்குத்தான். அவளைப் பேக்கிங் பக்கம் மாத்தக்கூடாதா?" என்று கேட்டே விட்டேன்.

அவரையும் படுக்க வைத்து ஊசியைக் குத்தினேன். ட்ரிப்ஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். வெளியே வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. கடைசிச் சொட்டு இறங்கியதும் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"நாளையில இருந்து அவ பேக்கிங்குக்கு வரட்டும். என் வீக்கு மட்டும் முதலாளி காதுக்குப் போயிரக்கூடாது தாயீ."

வீக்குக்கு அகராதியில் என்ன போட்டிருக்கிறார்களோ, எங்கள் ஊரில் அதற்கு 'என்னை வேலையை விட்டு நிப்பாட்டிராதீக' என்றுதான் அர்த்தம்.