இஞ்ஞாசியாருக்கு நாற்பத்தொரு பிள்ளைகள்

என் அக்காள் குளோரியின் கணவர் அல்போன்ஸை எங்கள் கடற்கரையில் 'ஆய்வாளர்' என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. கூப்பிடட்டும். எனக்குத் தெரிந்த அல்போன்ஸ் அத்தான் பஹ்ரைனில் ஒரு கம்பெனி ஸ்டோரில் பத்தொன்பது வருஷம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தவர். அந்த வேலையில் ஒரு தப்பு வந்ததில்லை என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். நம்புகிறேன். தெரிந்த வேலையை முடித்துவிட்டு ஊருக்கு வந்த மனிதர் தெரியாத வேலையில் காலை விட்டார். அதற்கு நானும் கூட நின்றேன். அதனால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

2004 டிசம்பரில் கடல் வீட்டுக்குள் வந்தது. அத்தானின் அண்ணன் ஏசுஅடிமை அன்றைக்குப் போனார். வீட்டிலிருந்த தகரப் பெட்டியும் போனது. அதில் அவர்கள் அப்பாவின் ஞானஸ்நானச் சீட்டு, கலியாணப் போட்டோ, பழைய கடிதங்கள் எல்லாம் இருந்தன. ஒன்றரை வருஷம் கழித்து, முட்டம் பஸ் நிற்கிற முக்கில் நான் நடத்திக்கொண்டிருந்த பிரவுசிங் சென்டருக்கு அத்தான் வந்து உட்கார்ந்தார்.

"ஜெனினே, நம்ம குடும்பத்துக்கு ஒரு வெப்சைட் போடணும். பெட்டியில வச்சா கடல் எடுக்கும். நெட்டில போட்டா எந்தக் கடல் வந்து எடுக்கும்?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லக்கூடாது, கண் கலங்கிவிட்டது. சரி என்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஆறு கம்ப்யூட்டரில் ஜன்னலோரம் இருந்தது அவருடையது என்று ஆகிப்போனது. தமிழ் ஒரு கம்ப்யூட்டரில் எழுத்தாகவும் அடுத்ததில் கட்டம் கட்டமாகவும் தெரிந்த காலம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முதல் பக்கத்தில் கோட்டும் டையும் போட்ட அவர் படம், அதைச் சுற்றி மின்னுகிற பூக்கள். அடியில் எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை. அதில் பாதி அவரே திறந்து திறந்து ஏற்றியது.

குடும்ப மரம் மட்டும் போதாது, அதற்கு 'வரலாற்றுப் பின்னணி' வேண்டும் என்றார். பின்னணி வந்தது. எங்கோ எடுத்த போர்ச்சுக்கீசியக் கப்பல் படம் ஒன்றைப் போட்டார். பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரை முழுக்க ஞானஸ்நானம் வாங்கியது உண்மைதான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அத்தானுக்குத் தேதியே தெரிந்திருந்தது. கிழமையும் தெரிந்திருந்தது. எங்கள் கோயிலில் உள்ள பழைய ஞானஸ்நானப் புத்தகம் 1868-இல்தான் தொடங்குகிறது. நடுவில் முந்நூறு வருஷம் என்ன ஆயிற்று? மூன்று புள்ளி வைத்துத் தாண்டிவிட்டார்.

வட்டக்கோட்டைக்குச் சுற்றுலா போனபோது எடுத்த போட்டோவைப் போட்டு, 'இக்கோட்டைக்கு எம் முன்னோர் கல் இறக்கினர்' என்று அடிக்கச் சொன்னார். 'இறக்கியிருக்கலாம்' என்று அடித்தேன். மறுவாரம் அந்த 'லாம்' காணாமல் போயிருந்தது.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. கப்பலுக்கு மூன்று பக்கம் எழுதியவர், சொந்த அண்ணன் ஏசுஅடிமைக்கு ஒரே ஒரு வரி எழுதினார். பிறந்த வருஷம், இறந்த வருஷம், முடிந்தது. "அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதும் அத்தான்" என்றேன். "அவன் மீன் பிடிச்சான், வேற என்னத்த எழுத?" என்றார். 

இனி அந்த ஞானஸ்நானப் புத்தகத்துக்கு வருவோம். அப்போதிருந்த பங்குச் சாமியார் அரை மணி நேரம் அனுமதி கொடுத்தார். அத்தான் கேமராவைக் கொண்டுபோய் 1868 முதல் 1880 வரைக்கும் படபடவென்று எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாம் லத்தீன், பழைய கையெழுத்து. பேர்களை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தோம். எங்கள் கரையில் பேருக்குப் பஞ்சம். எங்கே பார்த்தாலும் சூசை, அந்தோணி, மிக்கேல். அதுவும் ஒற்றை வார்த்தையில், கிறுக்கலாக. அடுத்த கட்டத்தில் மட்டும் ஒரு பேர் முழுசாக, தெளிவாக, ஊரும் தகப்பன் பேரும் சேர்த்து, பக்கத்துக்குப் பக்கம் வந்தது. இஞ்ஞாசி.

"இத்தனை இடத்தில பேர் வருதுண்ணா சாதாரண ஆளா இருப்பாரா மாப்ள?"

1871-இல் ஞானஸ்நானம் பெற்ற அத்தானின் பூட்டன் பேருக்கு நேரிலும் அந்த இஞ்ஞாசி இருந்தார். பிறகென்ன, அவர்தான் பூட்டனுக்கு அப்பன். 'இஞ்ஞாசியார்' ஆனார். கரைத் தலைவர் ஆனார். கப்பல்காரர்களுக்குத் துபாஷி வேலை பார்த்த வம்சம் என்றும் ஆனார். நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு நேரில் அவர் பேர் இருந்ததற்கும் அத்தானிடம் பதில் இருந்தது: 'அக்காலத்தில் பெருங்குடும்பம் பெருமையாகக் கருதப்பட்டது.' அந்த வரியை அடித்தது இந்தக் கைதான்.

2010-இல் தோஹாவிலுள்ள நம்மூர்ச் சங்கம் ஒன்று அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியது. அந்தப் படம் மின்னுகிற பூக்களுக்கு நடுவில் ஏறியது. அதற்குப் பிறகு அத்தான் யாரிடமும் 'தெரியாது' என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. மழை எப்போது வரும் என்று கேட்டாலும் வரலாறு சொல்வார்.

2012-இல் அவர் மகள் லிஜாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. நர்சிங் படித்தவள், நாகர்கோவிலில் வேலை. மாப்பிள்ளை பிரைட்டன், அடுத்த கடற்கரைக்காரன், ஆறு வருஷமாக அவளுக்குப் பழக்கம். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். தாய்மாமன் என்று என்னிடம்தான் வந்து அழுவாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை வாசித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து அத்தானுக்குச் சம்பந்தி வீட்டாருக்கு ஒரு பரிசு கொடுக்கத் தோன்றியது. என்ன பரிசு? அவர்கள் குடும்பத்தையும் மரத்தில் ஏற்றுவது! அந்தக் காலத்தில் அவர்கள் ஊரும் எங்கள் கோயிலுக்குக் கீழேதான், அதே புத்தகம். பிரைட்டனின் முப்பாட்டன் பேர் 1874-இல் கிடைத்தது. நேரில் யார்? இஞ்ஞாசியார்தான். ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளின் வழியில் லிஜாவும் பிரைட்டனும். அத்தான் அதை ஏற்றிவிட்டு, 'இரு கிளைகள் மீண்டும் இணைகின்றன' என்று தலைப்பும் கொடுத்தார். முறை என்ன ஆகிறது என்று யோசிக்கவில்லை. மனிதருக்கு மூளை எங்கே இருந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

வெப்சைட்டைப் பார்த்த நம்மூர்க்காரர் ஒருவர் கல்ஃபிலிருந்து போன் பண்ணினார். "அப்போ ரெண்டு பேரும் பங்காளி வகையில்லா? அண்ணன் தங்கச்சியில்லா?" ஒரே நாளில் இரண்டு ஊரும் பேசியது. இத்தனை தலைமுறை தள்ளியிருந்தால் திருச்சபைச் சட்டத்தில் தடை இல்லை என்று சாமியார் சொன்னார். சட்டத்தை யார் கேட்டார்கள்? பிரைட்டனின் அப்பா அருளப்பன் வந்து, அக்காள் வீட்டு முற்றத்தில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். "பெண்ணுக்க அப்பனே எழுதிப் போட்டிருக்காரு. அண்ணனுக்குத் தங்கச்சியக் கெட்டி வைக்க எங்களுக்குப் பிராந்தா?"

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள். இவர் பார்த்தது மட்டுமில்லை, படம் போட்டுப் பூ மின்னவிட்டார்.

லிஜா அழவில்லை. என் சென்டருக்கு வந்து, நான் அடித்து வைத்திருந்த பட்டியலை எடுத்துத் தேதி வரிசைப்படி அடுக்கினாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"மாமா, இந்த ஆளு ஒரே நாளில மூணு பிள்ளைக்கு அப்பன். அம்மாமாரு மூணு பேரு."

 நேராகக் கோயிலுக்குப் போனோம். இப்போதைய சாமியார் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார். அத்தான் போட்டோ எடுக்காத பக்கம். தலைப்புகள் அதில் மட்டும்தான் இருந்தன. பிள்ளை, பெற்றோர், ஞானப்பெற்றோர். நாங்கள் அப்பன் என்று எடுத்தது ஞானத்தகப்பன், அதாவது ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையோடு சாட்சியாக நிற்கிறவரின் கட்டம்.

பக்கத்தில் நின்ற கோயில்பிள்ளை, அதாவது மணியடித்து, திரி ஏற்றி, கோயில் பெருக்குகிறவர், சிரித்துவிட்டார். "ஆம்பிளைய எல்லாரும் சீசனுக்குக் கொல்லம் பக்கம் தொழிலுக்குப் போயிருப்பானுவ. பிள்ளைக்கு எட்டு நாளுக்குள்ள தண்ணி ஊத்தணும். ஞானத்தகப்பனா நிக்க ஆளு வேண்டாமா? கோயில்பிள்ளைதான் நிப்பாரு. இஞ்ஞாசி கோயில்பிள்ளையாக்கும். நானே பதினாறு பிள்ளைக்கு நின்னிருக்கேன்."

எனக்கு ஞானத்தகப்பனாக நின்றவரும் ஒரு கோயில்பிள்ளைதான். ஊரில் பாதிப்பேருக்கு அப்படித்தான். அது தெரிந்த நானே நாற்பத்தொரு வரியையும் அடித்து, பெருங்குடும்பம் என்று அடியில் எழுதியிருக்கிறேன். அத்தானைத் திட்டுவதற்கு முன்னால் என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பன் கட்டத்தில் பிரைட்டன் வழிக்கு அந்தோணி இருந்தது. எங்கள் அத்தானின் பூட்டனுக்கு வெறும் சூசை. முறைக்குப் பழுதில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பிள்ளை பெற்ற சூசைகள் ஒன்பது பேர். எந்தச் சூசை என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது.

அத்தானிடம் சொன்னோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற மாதிரி, "புஸ்தகம் எழுதின சாமியாருக்குத் தப்பியிருக்கலாம்" என்றார். பிறகு, பிரைட்டன் வீட்டாரை மட்டும் சத்தமில்லாமல் மரத்திலிருந்து இறக்கிவிடலாம், இஞ்ஞாசியார் இருக்கட்டும் என்றார். நான் அருளப்பனிடம் போனேன். அவர் காதில் வாங்கவில்லை. "நீ சொன்னாலும் சாமியார் சொன்னாலும் எனக்குச் செரி. ஊருக்குச் செரியாவாது. எழுதினவரு வாயால நாலு பேருக்கு முன்ன சொல்லட்டு. ஞாயித்துக்கிழமை உங்க கோயிலுக்கு வாறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் லிஜா அப்பா எதிரில் போய் நின்றாள். "அப்பா, உங்களுக்கு இஞ்ஞாசியார் வேணுமா, நான் வேணுமா?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இந்த மனிதர் பொன்னாடையைத்தான் பிடித்துக்கொள்வார், மகளை விட்டுவிடுவார் என்றே முடிவு கட்டினேன். அக்காளிடமும் அப்படியே சொன்னேன்.

ஞாயிறு பூசையில் சாமியார் மூன்றாம் ஓலை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் என்ற இடம் வந்தபோது ஆண்கள் பக்கம் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. அத்தான் எழுந்து நின்றார். டை கட்டவில்லை. ஒருமுறை இருமினார்.

"நான் நெட்டில போட்டது தப்பு. இஞ்ஞாசி எங்களுக்கு ஆருமில்ல, அந்தக் காலத்துக் கோயில்பிள்ளை. புஸ்தகத்தில ஒம்பது சூசை இருக்கு. எனக்க பூட்டனுக்கு அப்பன் அதில எவன்னு..." நிறுத்தினார். நம் நாட்டில் ஒரு ஆண்பிள்ளையைக் கேவலப்படுத்த எந்த வார்த்தையைச் சொல்வார்களோ, அதைத் தன் வாயாலேயே சொன்னார். "அப்பன் ஆருண்ணு எனக்குத் தெரியாது."

 ஆறு வருஷமாக நான் சிரித்துக்கொண்டிருந்தது இந்த மனிதரைப் பார்த்துத்தான். கடைசி வரிசையிலிருந்து அருளப்பன் எழுந்தார்.

"அந்தோணியிலயும் பத்துப் பேரு இருப்பானுவ வே. எங்களுக்கும்தான் தெரியாது. இரியும்."