மூர்த்தி சுற்றிய பிரதட்சிணங்கள்

மணி பத்தரை ஆகியும் பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததில் எனக்கு எரிச்சல். அப்போதுதான் எங்கள் சர்க்கார் கச்சேரிப் பியூன் வந்து நின்றான். "மூர்த்தி சார் தைக்காட்டு இறக்கத்தில் வீணு, சாரே. போயி" என்றான். விழுந்தார், போய்விட்டார் என்று அவன் மலையாளத்தில் சொன்னது. பதினேழு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவர். அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வலியசாலை அக்ரஹாரத்தில் முதன்முதலில் சைக்கிள் வாங்கியவர் நாராயணமூர்த்தி அவர்கள். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும் ரகம் அது. காலுக்கு ஓய்வே கிடையாது. நிறுத்துவதற்குப் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். இருந்த ஒரே பிரேக்கையும் அவர் கழற்றிவிட்டார். மழையில் பிரேக் சட்டென்று பிடித்து அவருடைய தம்பி தலைகுப்புற விழுந்து, முன்பற்களை இழந்திருந்தார். வாசகசாலையில் மூர்த்தி இதைப் பிரசங்கமாகவே செய்தார். "கம்பி ஏமாத்தும், கால் ஏமாத்தாது" என்றார். அதே மாதிரி சைக்கிள் வைத்திருந்த எங்கள் குமாஸ்தாக்கள் ஐந்து பேர் மறுநாளே தங்கள் பிரேக்குகளைக் கழற்றினார்கள். எனக்குச் சைக்கிள் விடத் தெரியாது; தப்பினேன்.

நாற்பத்தைந்து வயதில் அவருக்கு வலது முட்டி போயிற்று. எதிர்த்து அழுத்தப் பலமில்லை. மாலையில் வீட்டுப் பக்கத்து இறக்கத்தில் வந்த வேகம் வீட்டு வாசலில் அடங்காது. ஆகவே கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி, வேகம் தணிந்த பிறகு இறங்குவார். அக்ரஹாரம் அதைப் பிரதட்சிணம் என்று எடுத்துக்கொண்டது. கச்சேரி விட்டதும் நேரே சாமியைச் சுற்றுகிறாரே என்று மாமிகள் உருகிப்போனார்கள். கோயில் அர்ச்சகரான போற்றி பிரசாதத்தோடு வாசலில் நிற்கத் தொடங்கினார். அந்த ஐவரில் இருவர் அவர் பின்னாலேயே சுற்றவும் ஆரம்பித்தார்கள்.

விஷயம் தெரிந்த நான் சாலைக் கடையில் ஒரு பிரேக் வாங்கி வந்து நீட்டினேன். அவர் அதைக் காகிதத்தில் சுற்றி என் இழுப்பறையிலேயே போட்டார்.

"இப்போ மாட்டினா அஞ்சு பேரை ஏமாத்தினவனாவேன். நிஜத்தைச் சொன்னா சாமியையும் சேர்த்து ஏமாத்தினவனாவேன். எனக்கு இறங்க வழியில்லை, கேட்டீரா ஓய்."

யாரிடமும் சொல்வதில்லை என்று அன்று மாலை கோயில் கொடிமரத்தைத் தொட்டு என்னையும் வாக்குக் கொடுக்க வைத்தார். கொடுத்தேனே, அதுதான் என் முட்டாள்தனம். இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பொட்டலம் கையில் இடிக்கும். மூடிவிடுவேன்.

அவர் போன அன்று காலை தூறல். மேட்டைத் தாண்டி, கச்சேரிப் பக்கம் இறங்கும் தைக்காட்டு இறக்கத்தில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. வண்டிக்காரனைக் காப்பாற்ற, மூர்த்தி மதிற்சுவரின் பக்கம் திருப்பிவிட்டார்.

பதின்மூன்றாம் நாள் வந்தவர்களெல்லாம், பிரதட்சிணம் செய்த புண்ணியம், படுக்கையில் கிடக்காமல் போனார் என்றார்கள். வாசலில் அந்த ஐவரின் சைக்கிள்களும் பிரேக் இல்லாமல் சாய்ந்து நின்றன. பேசினால் செத்தவருக்கு அவமானம். பேசாவிட்டால் அடுத்த சாவு இவர்களில் ஒருவருடையது. கடைசியில் அவருடைய மனைவியிடம் போய், "மன்னி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"முட்டிக்குத் தினம் தைலம் தேய்ச்சவ நானாக்கும்" என்றார் அவர். "சொன்னா அவருக்குக் குறைச்சலாயிடும்னு வாயை மூடிண்டிருந்தேன். நீங்களும் அப்படித்தான் இருந்திருக்கேள். அந்த அஞ்சு பேராவது பத்திரமா இறங்கட்டும். போய்ச் சொல்லுங்கோ."

வாசலுக்குப் போய்ச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நேற்று மாலை ஐந்து சைக்கிள்களும் இறக்கத்தில் வந்து, கோயில் முனையில் பிரேக் பிடித்து நின்றதைப் பார்த்தேன். போற்றி அவர்களுக்குப் பிரசாதம் கொடுத்தார்.

மூர்த்தி, வாக்கை மீறிவிட்டேன். உமது சைக்கிளை நிமிர்த்தி, அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, பிரேக்கை அதிலேயே மாட்டியும் விட்டேன். சுற்றினது போதும். இறங்கிக்கொள்ளும், ஓய்.