கடைக் கண்ணாடியில் எழுதியிருந்த பதில்

சென்ற ஆண்டு சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபோது, கிள்ளானுக்கு அடுத்த காப்பாரில் நான் கையுறை பொட்டலம் போட்டுவந்த தொழிற்சாலையின் கேட் பூட்டியிருந்தது. காவலாளி உள்ளே இருந்தபடியே கையை ஆட்டி, போங்கள் என்றார். அவ்வளவுதான். ஏற்கெனவே என் கணவர் துறைமுகத்தில் லோரியிலிருந்து விழுந்து முதுகு அடிபட்டுப் படுத்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே சம்பளமும் அன்று நின்றுபோனது.

அதே வாரம் நான் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதற்கு முன் எங்களுக்கு உண்டான பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. கிளினிக்கில் சொன்னபோது சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நர்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றேன்.

நம் சபையில் ஒரு சகோதரர் முறுக்கு, மிக்சர் பொட்டலம் போடும் கம்பெனி வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம், அவரும் இதை வாசிப்பார். என் நிலைமையைக் கேட்டு, "திங்கக்கிழமை வந்துருங்க சிஸ்டர்" என்றார். அன்று நான் பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. பிரசவ லீவு உண்டா? சம்பளத்தோடா? பிள்ளை பெற்று வந்தால் என் இடம் இருக்குமா? வேலை தேடுகிற பெண் இதைக் கேட்க முடியாது. கேட்டாலே வயிற்றில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவர்களாகச் சொன்னால்தான் உண்டு. யாரும் சொல்வதில்லை.

அதனால் மனிதனிடம் கேட்காமல் கர்த்தரிடம் கேட்கலாம் என்று, பெண்கள் ஜெபக் குழுவை நடத்தும் அக்காவுக்குப் போன் செய்தேன். "அக்கா, நான் முழுகாம இருக்கேன். வேலைக்குச் சேரப்போறேன். லீவு பத்திக் கேக்க பயமா இருக்கு. ஜெபம் பண்ணுங்க" என்றேன். அக்கா போனிலேயே உருக்கமாக ஜெபித்தார். நானும் அழுதேன். பிறகு அவர், நாம் எல்லாரும் செய்கிறபடி, அதை ஜெபக் குறிப்பாக எழுதி வாட்சாப் குழுவில் போட்டார். என் பெயரோடு போட்டார். கர்ப்பம், வேலை, லீவு, பயம், ஒன்றும் விடவில்லை. சற்று நேரத்தில் கை கூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. அதில் ஒன்று அந்தச் சகோதரரின் மனைவியுடையது.

மறுநாள் காலையில் சகோதரர் அழைத்தார்.

"சிஸ்டர், வாழ்த்துகள். இந்த வயசுல, அற்புதம்தான். கேட்டதும் எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம்."

"நன்றி அண்ணே."

"ஆனா நம்ம இடத்துல நின்னுக்கிட்டே செய்யற வேலைலா சிஸ்டர். உங்களுக்குத்தான் கஷ்டம்."

"உட்கார்ந்தும் செய்வேன் அண்ணே. ஒட்டுற வேலை குடுத்தாக்கூட..."

"இல்ல இல்ல. நீங்க ரெஸ்ட் எடுங்க. பிள்ளை பொறக்கட்டும், அப்புறம் பார்ப்போம். உங்களை ஜெபத்துல வச்சிருக்கோம்."

போனை வைத்துவிட்டார். என் வாயில் நன்றி அண்ணே என்பதுதான் மறுபடியும் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் நாக்கு கசக்கிறது.

ஜெபக் குழு அக்காவிடம் சொன்னேன். "நான் ஜெபிக்கத்தானே போட்டேன், உன் நல்லதுக்குத்தானே? கர்த்தர் வேற கதவு வச்சிருக்காரு. உனக்கு விசுவாசம் பத்தல" என்றார்.

வேறு கதவுகளையும் தட்டினேன். கிள்ளானில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். ஆள் எடுக்கும் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஆன்டி, சின்னப் பொண்ணுங்களை எடுத்தா கல்யாணம், பிள்ளைன்னு ஓடிருதுங்க. உங்களுக்கு அந்தத் தொல்லை எல்லாம் முடிஞ்சிருச்சுல?"

நான் கீழே குவிந்திருந்த விரிப்புகளைப் பார்த்தேன்.

"பாஸ்கிட்ட சொல்லிர்றேன், ஆன்டி கேரன்டி, ஃபேக்டரி க்ளோஸ்னு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். அவனைக் குறை சொல்லி என்ன? மறைத்துச் சேர மனம் வராமல் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வயிற்றின் மேல் பையை வைத்து மறைத்துக்கொண்டேன். அங்கே என்னைப் பார்க்க யாருமே இல்லை. அப்படியும் மறைத்தேன்.

நான்காம் மாதம் கணவரின் காயம் சம்பந்தமான காகிதங்களைக் கொடுக்க கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் வரை போகவேண்டியிருந்தது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜெபித்தேன். நீளமாக ஜெபிக்கத் தெம்பில்லை. "ஆண்டவரே, மறைக்காமல் வேலை செய்ய ஓர் இடம் கொடும். இந்தப் பிள்ளையையும் கொடும்." இரண்டே காரியம். ரயில் நிற்கும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

காகிதத்தைக் கொடுத்துவிட்டு, பூக்கடைகளைத் தாண்டி நடந்துவரும்போது ஒரு துணிக்கடையின் கண்ணாடிக் கதவில் கையால் எழுதி ஒட்டியிருந்தது. தையல் தெரிந்த பெண் வேண்டும் என்று பெரிய எழுத்து. கீழே சம்பளம், ஈபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி. அதற்கும் கீழே, "பிரசவ லீவு சட்டப்படி சம்பளத்தோடு உண்டு. வாயும் வயிறுமாக இருந்தாலும் வரலாம்."

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உள்ளே கல்லாவில் நெற்றி நிறைய விபூதி பூசிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கடைப் பெண் அவரை ஆச்சி என்று கூப்பிட்டாள்.

"கதவை மறைச்சுக்கிட்டு நிக்காத. உள்ள வா" என்றார் ஆச்சி. "தைப்பியா?"

"ரவிக்கை, பாவாடை தைப்பேன் ஆச்சி. வீட்டுல தைக்கிறதுதான்."

"எத்தனை மாசம்?"

நான் கர்ப்பம் என்று சொல்லவே இல்லை. "நாலு" என்றேன்.

"சரி, நான் ஒரு தடவதான் சொல்லுவேன், கேட்டுக்க. பிரசவத்துக்கு முந்தி இத்தனை நாள் வேலை செஞ்சிருக்கணும்னு சட்டம் இருக்கு. இப்ப சேர்ந்தீன்னா உனக்கு அது வந்துரும். லீவு முழுக்கச் சம்பளம் உண்டு. நீ இல்லாதப்ப வேற ஆள் உன் மெஷின்ல உட்காருவா, நீ வந்ததும் எந்திரிச்சுருவா. அஞ்சரை மாசம் தாண்டிருச்சுன்னா, பிள்ளை தங்கினாலும் தங்காட்டியும் லீவு உண்டு."

என் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"என்ன முறைக்கிற? கெட்ட வாய்ங்கிறியா? சொல்லாம விட்டு, அப்புறம் அழுதுக்கிட்டு வந்து கேட்டவளைப் பார்த்திருக்கேன். நல்ல மனசுன்னும் நினைச்சுக்காத. மறைச்சு வச்சிருந்து திடீர்னு படுத்துக்கிட்டா தீவாளி ஆர்டரை யாரு தைக்கிறது? முன்னாடியே தெரிஞ்சா நான் ஆள் பார்த்துக்குவேன். வர்றியா, இல்லையா?"

வருகிறேன் என்றேன். எனக்குப் பிடிக்காத வாயிலிருந்துதான் என் ஜெபத்துக்குப் பதில் வந்தது.

அந்த ஞாயிறு ஜெபக் குழுவில் "ஜெபம் கேட்கப்பட்டது" என்று போட்டார்கள். ஆச்சி சொன்னதை நான் வெகுளியாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் பேச்சு மாறிவிட்டது. "பிள்ளை தங்காட்டியும்னு சொன்னாளா? அது சாபம்மா. விக்கிரகம் கும்பிடுற வாய். இயேசுவின் நாமத்துல அதை ரத்து பண்ணிட்டு முதல்ல அங்கேருந்து வெளிய வா" என்றார் அக்கா. வெளியே வந்து எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. நான் தினமும் ரயிலில் போய்த் தைத்தேன். ஆச்சி ஒருநாளும் என்னிடம் அன்பாகப் பேசியதில்லை. தையல் கோணினால் பிரித்து என் மடியில் போடுவார். ஆனால் வயிறு மெஷினில் இடித்தபோது நாற்காலியை உயர்த்தித் தந்தார். நான் பையை வைத்து மறைப்பதை விட்டுவிட்டேன்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் பிள்ளை அசையவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பார்த்தார், இன்னொருவரைக் கூட்டிவந்தார். துடிப்பு இல்லை என்றார்கள். ஆனாலும் பெற்றுத்தான் ஆகவேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் வேறொருவர் பிள்ளை பிறந்து அழுதது. என் பிள்ளை அழவில்லை. ஆண் குழந்தை. தலை நிறைய முடி. என் கணவர் முதுகுப் பட்டையைக் கட்டிக்கொண்டு, சின்னப் பெட்டியை வேறு யார் கையிலும் கொடுக்காமல் கல்லறைக்கு அவரே தூக்கிப்போனார்.

வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த வாய் சொன்னது பலிச்சிருச்சு பார்த்தியா. அன்னைக்கே சொன்னேன்" என்றார். சகோதரர் ஒரு பெட்டி முறுக்கு கொண்டுவந்தார். "கர்த்தர் நல்லவர் சிஸ்டர். எங்ககிட்ட மட்டும் சேர்ந்திருந்தீங்கன்னா, நின்னு வேலை செஞ்சுதான் போச்சுன்னு எங்க மேல பழி வந்திருக்கும்" என்றார். ஜெபித்துவிட்டுத்தான் போனார்கள். என் கணவர் அந்தப் பெட்டியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

பால் கட்டிக்கொண்டது. குடிக்க ஆள் இல்லாத பால். வலியில் குனிந்து உட்கார்ந்திருந்தபோது ஆச்சி போன் செய்தார்.

"கடைக்கு வரணும்னு நினைச்சுக்கிட்டு இருக்காத. சொன்ன லீவு சொன்னபடி. சம்பளம் வந்துரும். பால் கட்டியிருக்கா?"

"ஆமா ஆச்சி."

"மல்லிகைப்பூ வாங்கி மார்ல வச்சுக் கட்டு. வத்தும்." பிறகு கேட்டார், "பிள்ளைக்குப் பேர் வச்சியா?"

அதுவரை என்னிடம் அதை யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் ஒருவரும் கேட்கவில்லை.

"சாமுவேல்" என்றேன்.

"சாமுவேலு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். வேறு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதேன். அவரும் வைக்கவில்லை. கடையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த லீவு முழுவதும் நான் படுத்தேன், அழுதேன், கல்லறைக்குப் போய் வந்தேன். அரிசி இருந்தது. யார் முன்னும் போய்க் கை நீட்டவில்லை. லீவு முடிந்து போனபோது என் மெஷினில் இருந்த பெண் எழுந்துகொண்டாள். இன்றும் அங்கேதான் தைக்கிறேன்.

நம் சபை இதழுக்கு இதைச் சாட்சி என்று எழுதலாமா என்று போதகரிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றார். நான் கர்த்தரிடம் இரண்டு கேட்டேன். ஒன்றைக் கொடுத்தார். மற்றதை ஏன் கொடுக்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் ரயிலில் அவரிடம் கேட்கிறேன். அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் கொடுத்ததை அவர் கொடுக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். மறைக்காமல் உட்கார ஓர் இடம் கேட்டேன், கிடைத்தது. அந்த இடம் இல்லாதிருந்தால், பிள்ளையைப் புதைத்த வாரமே யாரோ ஒருவரின் விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருப்பேன்.

நம் சபையில் கடையும் கம்பெனியும் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் கதவில் வசனம் ஒட்டியிருக்கிறது. அதன் கீழே லீவு உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லை என்றாலும் எழுதுங்கள். தேடி வருகிறவள் பஸ் காசையாவது மிச்சம் பிடிப்பாள்.

வேலை தேடும் சகோதரிகளே, கர்த்தரை நம்புங்கள். நமக்குப் பிடித்த ஆளாய்ப் பார்த்து அவர் அனுப்புவதில்லை, ஆனால் அனுப்புகிறார். உங்களுக்காக ஜெபிக்க ஒருவர் வேண்டுமானால், ஆராதனை முடிந்ததும் காலணி கழற்றும் இடத்தின் பக்கத்தில் நான் நிற்பேன். காதில் சொல்லுங்கள். நான் யாருக்கும் எழுதிப்போட மாட்டேன்.