மறந்துட்டார் சார்

எங்கள் காரின் ஆர்.சி. காலாவதியாகி நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். சொன்னால் மனைவி திருப்பதிப் பயணத்தையே நிறுத்திவிடுவாள் என்று வாயைத் திறக்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து போய், தரிசனமும் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர் இருக்கையில், சமயபுரம் அருகே போலீஸ்காரர் கைகாட்டினார்.

“எங்காத்துக்காரர் எல்லாம் கரெக்டா வச்சிண்டிருப்பார், பாருங்கோ” என்று அவளே பெருமையாகக் காகிதங்களை நீட்டினாள்.

அவர் புரட்டிப் பார்த்தார். “ஆர்.சி. முடிஞ்சு போச்சே பெரியவரே, தெரியாதா?”

நான் பதில் தேடுவதற்குள் அவள் முகம் வெளுத்துவிட்டது. “வயசாயிடுத்து சார், மறந்துட்டார். இப்படியெல்லாம் மறக்கிறவரே இல்லை” என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

“சரிங்கம்மா, பத்திரமா கூட்டிட்டுப் போங்க. சீக்கிரம் புதுப்பிச்சிடுங்க” என்று அவர் எங்களை அனுப்பிவிட்டார்.

ஆர்.சி.யைப் புதுப்பித்தாகிவிட்டது. ஆனால் அவள் இப்போதெல்லாம் தினமும் காலையில், “மாத்திரை போட்டுண்டேளா, ஞாபகம் இருக்கா?” என்று கேட்கிறாள். என்னை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மகளிடம் போனில் தணிந்த குரலில் அழுகிறாள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதை மட்டும் அவளிடம் சொல்ல முடியவில்லை.