சுமதி அக்காவின் பதினொரு படிவங்கள்

எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். சுமதி அக்காவைத் தெரிந்த எல்லோரும் படிக்கும் குடியிருப்பு மலர் இது என்பதால் அது இன்னும் அவசியம்.

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பி ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா கைபேசியைப் பார்த்துவிட்டு, "மாடி வீட்டு சுமதி போயிட்டாளாம். மாரடைப்பு" என்றார். இரண்டாவது லேஸையும் கட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. தாம்பரத்தில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வருகைப் பதிவுப் பிரிவில் வேலை. அஞ்சல் வழியில் மனிதவள மேலாண்மையில் முதுகலை படித்துவந்தார். ஞாயிறுதோறும் பொத்தேரியில் வகுப்பு. நான் முதல்முறை ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்கு, கல்லூரி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். "நானும் ஸ்டூடண்ட்தான். அக்கான்னு சொல்லு."

ஆய்வேட்டுக்காகத் தன் நிறுவனத்தின் தையல் பிரிவுப் பெண்கள் எண்பது பேரிடம் கேள்விப் படிவம் கொடுத்து வாங்கியிருந்தார். பெயர் எழுதத் தேவையில்லை. பதில்களை எண்ணி அட்டவணை போட, அரையாண்டு விடுமுறையில் நான் உதவினேன். பதினொரு படிவங்களில் ஒரே ஒரு கேள்வி மட்டும் காலியாக இருந்தது. மேற்பார்வையாளரிடம் தயங்காமல் விடுப்பு கேட்க முடிகிறதா என்பது கேள்வி. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். காலியாக விட்டால் மதிப்பெண் போய்விடும் என்றுதான் எனக்குத் தெரியும். பதினொன்றிலும் 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கு முந்தைய மாலை, ஆய்வேடு பைண்டிங் ஆகி வந்துவிட்டது. படிவங்களைக் கட்டிவைக்கும்போதுதான் அக்கா கவனித்தார். பதினொரு டிக்குகளும் ஒரே மாதிரி வால் நீண்டிருந்தன. கூப்பிட்டுக் கேட்டார். ஒப்புக்கொண்டேன்.

"அப்படியே குடுத்துடுங்கக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தப் பதினோரு பேருக்குத் தெரியும்" என்றார். கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "எழுதினா மாட்டிப்போமோன்னு விட்டிருக்காங்க. அது மறதி இல்லம்மா, பதில்."

மறுநாள் அவர் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்து ஓர் அத்தியாயமே எழுதியிருந்தார். முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆறு மாதம் தள்ளிப்போனது. அலுவலகத்தில் கேலி செய்தவர்களிடம் நேரம் பத்தவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது இறந்துபோனார்.

ஞாயிறு மாலை சிட்லபாக்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கட்டடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. உடன் வேலை பார்த்த ஒருவர், "எல்லாத்துலயும் கரெக்டா இருப்பாங்க. படிப்புல மட்டும் அசால்ட்டா விட்டுட்டாங்க. இல்லன்னா டிகிரி வாங்கியிருப்பாங்க" என்றார். சிலர் தலையாட்டினார்கள். வேறு யாராவது பேசுகிறீர்களா என்று சங்கச் செயலாளர் சார் கேட்டார். மூன்றாவது வரிசையில் இருந்த நான் எழுந்திருக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே சொல்கிறேன். அந்தத் தாமதம் அக்காவால் வந்ததல்ல, என்னால் வந்தது.

பதினொரு படிவங்களையும் அக்காவின் தங்கை என்னிடமே கொடுத்துவிட்டார். என் டிக் ஒவ்வொன்றையும் அடித்து, பக்கத்தில் பென்சிலால் 'பதில் தரவில்லை' என்று அக்கா எழுதியிருக்கிறார். அவை என்னிடம் இருக்கும்.

கூட்டத்தன்று, வேறு யாராவது பேசுகிறீர்களா என்று செயலாளர் சார் இன்னொரு முறையும் கேட்டார். பிறகு ஹாலின் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.