கடற்கரை ஓட்டலுக்காக ஜோகுபாளையத்திலிருந்து பேசுகிறேன்

ஓட்டல் வேலைக்குச் சிரித்த முகம் முக்கியம் என்பார்கள்; போனிலேயே ஓட்டல் வேலை பார்க்கிறவளுக்கு முகம் தேவையில்லை, குரல் நடுங்காமல் இருந்தால் போதும்.

எங்கள் ஓட்டல் சென்னையில், திருவான்மியூர் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மொத்தம் எட்டு அறைகள். அறை குறைவாகவும் பூச்சாடி அதிகமாகவும் இருந்தால் அதற்கு பூட்டீக் ஓட்டல் என்று பெயர். ஓனர் அம்மா பெங்களூர்க்காரர். அதனால் புக்கிங், விசாரணை, புகார் எல்லாவற்றுக்குமான போன் மட்டும் பெங்களூரில், ஜோகுபாளையத்தில் ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. அங்கே நானும் மஞ்சுநாத்தும். வீடு பக்கத்தில், மர்பி டவுனில்; நடந்தே வந்துவிடுவேன். சென்னையில் மேனேஜர், ரிசப்ஷன், காய்கறி வாங்குகிறவர் எல்லாம் குணசேகரன் ஒருவரே. அவர் கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது அறையில் யாராவது போனை எடுத்தால், இங்கே என் மேஜையில் மணி அடிக்கும்.

ஆஸ்பத்திரியிலோ பேங்கிலோ கேஸ் ஏஜென்சியிலோ, அடிக்கிற மணியை எடுத்துப் பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். மணிக்கும் ‘ஹலோ’வுக்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறதே, அந்த நொடியில்தான் நம் ஆயுசு குறைகிறது.

நீலப் புள்ளி

நான் சேர்ந்து மூன்றாவது வாரம். கோலாரிலிருந்து ஒரு அம்மாவும் பன்னிரண்டு வயது மகளும் சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடித்திருந்தார்கள். அங்கே கொட்டுகிற மழை. “எங்களுக்கு ஊர் புதுசு மேடம், போனை வெக்காதீங்க, பேசிட்டே இருங்க” என்று சொல்லி, தான் இருக்கும் இடம் எனக்குத் தெரிகிற மாதிரி போனில் அனுப்பியிருந்தார். என் திரையில் அவர்கள் ஒரு நீலப் புள்ளி. நானும் கோலார் தங்கவயலைப் பற்றி, மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதேதோ கேட்டுக்கொண்டே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் பக்கம் வர வேண்டிய புள்ளி ஒரு சிக்னலில் திரும்பி எதிர்ப் பக்கமாகப் போக ஆரம்பித்தது.

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அந்த அம்மா அலறுவார். சொல்லாவிட்டால்? “டிரைவர்கிட்ட எந்த ரோட்டுல போறார்னு சாதாரணமா கேளுங்க மேடம்” என்றேன். அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும். மஞ்சு இன்னொரு போனில் போலீஸ் நம்பரை அடித்து வைத்துக்கொண்டு, “அழுத்தட்டா அக்கா?” என்று கண்ணாலேயே கேட்டான். ‘இரு’ என்று கை காட்டினேன். அப்போது போனில் ஓர் ஆண் குரல், மழைக்கு மேல் கத்தியது: “யம்மா, ஆபீஸ் அம்மா! சுரங்கப்பாதைல இடுப்பளவு தண்ணி, அதான் சுத்திக்கினு போறேன். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குது, நீ பயந்து இவங்களையும் பயமுறுத்தாத.”

குளியலறையில் ஒருவர்

எல்லாப் பயமும் ஒரே எடை இல்லை. ஒரு நாள் காலை இரண்டாம் நம்பர் அறையிலிருந்து ஓர் இளம்பெண், மூச்சை அடக்கிய குரலில், “மேடம், பாத்ரூம்ல என்கூட ஒருத்தர் இருக்கார்” என்றாள். கதவு பூட்டியிருக்கிறதா, அவன் கையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். “ரெண்டு கையிலயும் இருக்கு” என்றாள். மேலும் விசாரித்ததில் அது நண்டு. முந்தின நாள் அவள் தம்பி பக்கெட்டில் பிடித்து வந்தது. கழிப்பறை மேடை மேல் ஏறி நின்றுகொண்டு, இருபது அடி தூரத்தில் இருக்கும் குணசேகரனைக் கூப்பிடாமல் பெங்களூரைக் கூப்பிட்டிருக்கிறாள், ஏனென்றால் அறை அட்டையில் இருப்பது எங்கள் நம்பர். ஆள் அனுப்புகிறேன், அசையாமல் நில் என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: “நான் அசையலை மேடம். அதுவும் அசையலை. அதுதான் பயமா இருக்கு.”

ஈர மணலில் செருப்பு

பெங்களூர் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையரான ஒரு பெரியவர் தனியாக வந்து தங்கியிருந்தார். காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்கு நடக்கப் போனவர் ஒன்பதரைக்கும் வரவில்லை. அறைகளைச் சுத்தம் செய்யும் செல்வியக்காவைப் பார்த்துவரச் சொன்னார் குணசேகரன். அக்கா திரும்பி ஓடிவந்து கொண்டுவந்தது ஒரு ஜோடி செருப்பு, ஒரு துண்டு, எங்கள் அறைச் சாவி. மூன்றும் தண்ணீர் ஓரத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததாம். அந்த ‘ஒழுங்காக’ என்ற வார்த்தைதான் என்னை அடித்துப் போட்டது. கால் தவறி விழுகிறவன் செருப்பை அடுக்கி வைப்பானா?

புக்கிங் பாரத்தில் மகள் நம்பர் இருந்தது. என்னவென்று சொல்வது? மூன்று முறை எண்ணை அடித்து மூன்று முறை அழித்தேன். நாலாவது முறை எடுத்துவிட்டாள். செருப்பு கிடைத்தது என்று சொன்னேன், ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே புரிந்துகொண்டாள். அழவில்லை. “அவருக்கு நீச்சல் தெரியாது” என்று மட்டும் சொன்னாள், ஏதோ பாரத்தில் விட்டுப்போன தகவலைச் சொல்கிற மாதிரி. குணசேகரன் கரை ஓரமாக ஓடினார், கடலோரக் காவலுக்குச் சொன்னார்.

பதினொன்றே காலுக்கு ஆள் கிடைத்தார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மீனவர் குப்பத்தில், வெறுங்காலோடு வலை இழுத்துக் கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாராம். செருப்புக்குள் மணல் போகிறது என்று கழற்றி வைத்தாராம். மகளுக்குச் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: “உயிரோட இருக்கார் இல்ல மேடம்? அவரை என்கிட்ட பேசச் சொல்லுங்க, நான் கொன்னுடறேன்.”

கேக் பெட்டி

இதை எழுத எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பெண் இன்று பத்திரமாக இருக்கிறாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் படிக்க உங்களுக்கும் கஷ்டம். பெங்களூரிலிருந்து போனவள். புக்கிங் செய்யும்போதே, “யாராவது என்னைக் கேட்டா நான் அங்க இல்லை மேடம்” என்றிருந்தாள். குரலைக் கேட்டு நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒருவர் கூப்பிட்டார். நல்ல மரியாதையான பேச்சு. அவளுடைய கணவராம். அன்றைக்குக் கல்யாண நாளாம், கேக் வாங்கிக்கொண்டு திடீரென்று போய் நிற்க ஆசையாம், எந்த அறை என்று மட்டும் சொன்னால் போதுமாம். பழக்க தோஷம், “ஒரு நிமிஷம் சார்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கொஞ்சம் தாமதித்து, “அந்தப் பேர்ல யாரும் இல்லை சார்” என்றேன். அவர் மெல்லச் சிரித்தார். “தேங்க்ஸ் மேடம். இல்லாத ஆளுக்கு ஒரு நிமிஷம் எதுக்கு?” என்று சொல்லி வைத்துவிட்டார்.

உடனே அவளைக் கூப்பிட்டு நான் செய்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “எத்தனை மணிக்குப் பேசினார்?” என்று மட்டும் கேட்டாள். ஒரு மணி நேரத்தில் தாம்பரத்திலிருந்து தோழி காரில் வந்தாள். குணசேகரன் சமையலறை வழியாக அனுப்பி வைத்தார். இருவரும் நேரே மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். மாலை நாலு மணிக்கு அந்த ஆள் வந்தான். ரிசப்ஷன் சோபாவில் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தானாம். போகும்போது பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். எதற்கும் பதறாத குணசேகரன் அன்று தாழ்ந்த குரலில் எனக்குச் சொன்னார்: “திறந்து பார்த்தேன் மேடம். உள்ள ஒண்ணுமே இல்லை.”

ஐந்தாம் நம்பர் கதவு

‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அட்டை முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஐந்தாம் நம்பர் கதவில் தொங்குகிறது என்று செல்வியக்கா சொன்னபோது காலை பத்தரை. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு கல்லூரி ஆசிரியை, ஐம்பது வயது இருக்கும், தனியாக வந்தவர். தட்டினால் பதில் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் மாற்றுச் சாவிக்கும் வேலை இல்லை. ஓனர் அம்மாவைக் கேட்டேன். “எஸ்தர், தூங்கறாங்களோ என்னவோ. போன தடவை இப்படி நாம கதவைத் திறந்தப்போ அந்த கெஸ்ட் போட்ட சத்தம் மறந்துடுச்சா?” என்றார். மறக்கவில்லை. அந்தச் சத்தத்தைப் போனில் வாங்கிக் கட்டிக்கொண்டதே நான்தான்.

புக்கிங் குறிப்பை மறுபடி படித்தேன். நானே எழுதியது: ‘இன்சுலின் போடுகிறவர். காலை டிபன் சரியாக எட்டு மணிக்கு.’ எட்டு மணிக்கு அவர் டிபனுக்கு வந்தாரா என்று குணசேகரனைக் கேட்டேன். வரவில்லை. வேலை போனால் போகட்டும் என்று தோன்றியதா என்றால், இல்லை. வேலையும் போய், உள்ளே அவர் தூங்கிக்கொண்டும் இருந்தால் என்ன செய்வது என்றுதான் தோன்றியது. ஆனாலும் “உடைங்க” என்று சொல்லிவிட்டேன். போன் வழியாக மரம் பிளக்கிற சத்தம் கேட்டது. பிறகு செல்வியக்காவின் “ஐயோ, அம்மா!” பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை. போன் எங்கேயோ தரையில் கிடந்திருக்க வேண்டும். காலடிச் சத்தம், சர்க்கரை கொண்டா என்ற கூச்சல், ஆம்புலன்ஸ். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சு தண்ணீர் கொண்டுவந்து வைத்தது கூடத் தெரியவில்லை.

ஆசிரியை கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். ஓனர் அம்மா அன்று கதவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாள் கழித்து அந்த ஆசிரியையே எனக்குப் போன் செய்தார். பாடம் நடத்துகிற அதே நிதானமான குரல்: “நீங்கள்லாம் கதவைத் தட்டினது எனக்குக் கேட்டுச்சும்மா. ‘வர்றேன், வர்றேன்’னு சொல்லிட்டேதான் இருந்தேன்.”

புயல் அன்றைக்கு

புயல் கரையைக் கடக்கும் நாளில் ஓட்டலில் பதினோரு பேர் இருந்தார்கள். காலை பத்து மணிக்குக் குணசேகரன், “தெருவுல தண்ணி ஏறுது மேடம், எல்லாரையும் மேல் மாடிக்கு ஏத்திட்டு…” என்றார். அவ்வளவுதான், லைன் செத்தது. அதற்குப் பிறகு எந்த நம்பரும் போகவில்லை. இங்கே ஜோகுபாளையத்தில் பூந்தூறல். கீழே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு வராந்தாவில் துணி காயப் போட்டிருந்தார்கள்.

பிறகு சொந்தக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் ஓசூரிலிருந்து ஓர் அம்மா. மகனும் மருமகளும் அங்கே. மருமகளுக்கு ஏழாம் மாதம். முதல் முறை கேட்டபோது, “நல்லா இருக்காங்கம்மா, இப்பதான் பேசினேன்” என்று என்னை அறியாமல் வந்துவிட்டது. அரை மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டார். அரை மணிக்கு ஒரு தரம் நல்லா இருந்தார்கள். டிபன் சாப்பிட்டார்கள், மருமகள் படுத்திருக்கிறாள் என்று கூடச் சொன்னேன். டிவியில் எங்கள் ஓட்டலுக்குப் பக்கத்துத் தெருவில் படகு போவதைக் காட்டினார்கள். மஞ்சு என் போனின் வாயைப் பொத்திக்கொண்டு, “பேடா அக்கா, பொய் சொல்ல வேணாம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த அம்மா முகத்துல எப்படி முழிப்ப?” என்றான். அவன் சொல்வது சரி. ஆனால் அடுத்த மணி அடித்தபோது, தெரியாது என்று சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஏதோ ஒரு நம்பரிலிருந்து குணசேகரன் பேசினார். தீயணைப்பு வீரர் ஒருவரின் போனாம். பதினோரு பேரும் பத்திரம். ஜெனரேட்டர் மூழ்கிவிட்டது, மாடியில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள், மருமகளுக்கு ஒன்றுமில்லை. ஓசூர் அம்மாவைக் கூப்பிட்டு, “இப்ப நிஜமாவே பேசினேன்மா, நல்லா இருக்காங்க” என்றேன். ‘நிஜமாவே’ என்று வாயிலிருந்து வந்தது வந்ததுதான். பயந்துபோய்க் காத்திருந்தேன். அவர் அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: “நேத்து நீ சொன்னது பொய்யின்னு ரெண்டாவது தடவையே தெரியும் கண்ணு. இன்னொரு தரம் சொல்லிக் கேக்கணும்னுதான் கூப்பிட்டுட்டே இருந்தேன்.”

ஆக, ‘கவலையை மறக்கக் கடற்கரைக்கு வாருங்கள்’ என்று எங்கள் விளம்பரத்தில் போட்டிருப்பது முழுக்க உண்மை, நீங்கள் மறந்து வைத்துவிட்டுப் போகிற கவலைகளைப் பொறுக்கி எடுத்து வைக்கத்தான் பெங்களூரில் ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறார்கள்.