ராக்காயி ஏறாத பஸ்

கலாதேவி ஓட்டும் பஸ்ஸில்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். புந்தோங்கிலிருந்து கையுறைத் தொழிற்சாலை வரைக்கும், பஸ் நிறையப் பெண்கள். அவள் வளர்ந்த கதையைக் கேட்டால் சிலர் "பாவம்" என்று உச்சுக் கொட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஈப்போவில் எத்தனை பெண்கள் சொந்த பஸ் வைத்து ஓட்டுகிறார்கள்? பாவமாம் பாவம்! அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான். ஊரையே ஏற்றிக்கொண்டு போகிறவள், பெற்ற அம்மாவை ஒருநாளும் ஏற்றிக்கொண்டு போக முடியவில்லை.

ராக்காயியம்மா எந்த வண்டியிலும் ஏற மாட்டார். அதற்குக் காரணம் சுங்காய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்தது. அங்கே அவர் புருஷன் ராஜு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு தீபாவளிக்கு முன்னால் தோட்டத்துப் பெண்களெல்லாம் அந்த டிராக்டரின் பின்பெட்டியில் ஏறி, டவுனுக்குப் போய்த் துணிமணி வாங்கினார்கள். ராஜுவோ அங்கே சம்சுக் கடையில் குடித்துவிட்டு வந்துதான் வண்டியை எடுத்தார். திரும்பும் வழியில் டிராக்டர் பாரிட்டு என்கிற பெரிய வாய்க்காலில் இறங்கிப் பெட்டி கவிழ்ந்தது. ராக்காயியம்மா மடியிலிருந்த சின்னப் பிள்ளை கலாதேவியை மேட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். அவருடைய இடது கால் மட்டும் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

ராஜுவுக்கு வேலை போயிற்று. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். கோணிப் போன காலோடு ராக்காயியம்மா லாரியில் ஈப்போ வந்து சேர்ந்தார். வழி முழுக்கக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மகள் கையை நகம் பதியும்படி பிடித்திருந்தாராம். அவர் வண்டி ஏறியது அதுதான் கடைசி. அதன்பிறகு கிளினிக்கானாலும் கோயிலானாலும் கம்பை ஊன்றிக்கொண்டு நடைதான். நடக்க முடியாத தூரத்தில் கல்யாணம், கருமாதி எது நடந்தாலும் அவர் போனதில்லை.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே கடை ஒன்றின் பின்கட்டில் உட்கார்ந்து கடலை புடைத்துப் பொட்டலம் போடுவது அவருக்குக் கிடைத்த வேலை. ராஜு குடித்துவிட்டு வந்து இரண்டு பேரையும் அடிப்பார். ஒருநாள் மனைவியின் தோட்டைக் கழற்றிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. தெலுக் இந்தானில் இருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள். சனியன் விட்டது என்றுதான் நான் சொல்வேன்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்ட கலாதேவி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பஸ் கொட்டகையில் வண்டி கழுவப் போனாள். ஓட்டுநர்கள் பஸ்ஸைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். தண்ணீர்க் குழாய் ஒரு மூலையில், பஸ் ஒரு மூலையில். வாளி சுமந்து அலுத்துப்போய், ஒருநாள் அவளே ஏறி பஸ்ஸைக் குழாயடிக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கால் எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் சாக்கு மூட்டை வைத்துக்கொண்டாளாம்.

"அப்பன் மாதிரியே பாரிட்டுல விடப் போறாடா இவ," என்று கதை தெரிந்த ஓட்டுநர்கள் சிரித்தார்கள்.

அவள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அழுது முடித்ததும் அடுத்த பஸ்ஸை எடுத்தாள். தவுக்கே பார்த்துவிட்டுத் திட்டவில்லை. முற்றத்துக்குள் ஓட்டிக்கொள், உரிமம் இல்லாமல் வாசலைத் தாண்டாதே என்று மட்டும் சொன்னார்.

பஸ் ஓட்டும் உரிமத்துக்கான முதல் பரீட்சையில் அவள் தோற்றாள். எப்படித் தோற்றாள் என்பதை அவளே சொல்லிச் சிரிப்பாள். இன்ஜினைக் கிளப்பி, கைப்பிரேக்கையும் எடுத்துவிட்ட பிறகுதான் சாமி ஞாபகம் வந்ததாம். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முனீஸ்வரனைக் கும்பிட்டிருக்கிறாள். பஸ் மெல்ல நகர்ந்து முன்னாலிருந்த கம்பத்தைத் தட்டியது. பக்கத்திலிருந்த மலாய்க்கார அதிகாரி, "அபா நி?" என்று அலறினாராம், என்ன இது என்று அர்த்தம். இப்படித் தோற்க நம்மவர்களால்தான் முடியும்! அடுத்த முறை வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு ஏறினாள். உரிமம் கையில் வந்தது.

தவுக்கே அவளிடம் ஒரு தொழிற்சாலை பஸ்ஸைக் கொடுத்தார். எங்கள் பஸ்தான். முதல் நாளே சிக்கல். சுங்காய் பக்கத்திலிருந்து வந்த கருப்பம்மாள் அக்கா அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"ராஜு மவளா நீ? ஐயோ, வேணாம்லா. நான் வேற பஸ்ல வாரேன்," என்று படியிலிருந்தே இறங்கிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சில பேர் இறங்கினார்கள்.

கலாதேவி கதவை மூடிக்கொண்டு கிளம்பினாள். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தாள், அக்கா முன்னால் நிறுத்திக் கதவைத் திறந்தாள், கொஞ்சம் காத்திருந்தாள், போனாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. வெயிலோ மழையோ, காய்ச்சலோ, அவள் நேரம் தவறியதில்லை. கிளம்புமுன் ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பாள். ஒருமுறை முன்னால் போன லாரியிலிருந்து செம்பனைக் குலைகள் சாலையெங்கும் சிதறின. அவள் பிடித்த பிரேக்கில் என் மடியிலிருந்த மீ கோரேங் சாப்பாட்டுப் பொட்டலம்கூட விழவில்லை. அந்த வாரம் கருப்பம்மாள் அக்கா ஏறினார். ஏறியவர் அதோடு நில்லாமல் ஜன்னலோர இடத்துக்குச் சண்டையும் போட்டார்.

மாப்பிள்ளைகளும் வந்தார்கள். பஸ்ஸை விட்டுவிடு என்றார்கள். அவள் மாப்பிள்ளைகளை விட்டாள்.

ஆனால் ராக்காயியம்மா மட்டும் ஏறவில்லை. "நீ நல்லாத்தான் ஓட்டுவ, எனக்குத் தெரியும். எனக்குத்தான் ஒடம்பு நடுங்குது," என்பார். கிளினிக் போகும் நாளில் அம்மா ஓரமாக நொண்டி நடக்க, மகள் பஸ்ஸில் எங்களை ஏற்றிக்கொண்டு கடந்து போவாள். அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியைப் பார்க்க மாட்டாள்.

போன தை மாதம் தவுக்கே ஓய்வெடுத்துக்கொள்ள, அந்த பஸ்ஸை கலாதேவியே வாங்கினாள். முனீஸ்வரன் கோயில் வாசலில் பூசை. மாலை, சந்தனம், குங்குமம், நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். எல்லாரும் பட்டுப்புடவையில் வந்திருந்தோம். ராக்காயியம்மா நடந்து வந்து, பஸ்ஸிலிருந்து தள்ளியே நின்றார்.

கூட்டத்தில் வெள்ளை வேட்டியோடு ஒரு கிழவர். யாரும் அழைக்கவில்லை. ராஜு.

பூசாரி ஊருக்குப் புதுசு, அவருக்கு எதுவும் தெரியாது. "இவரு யாரு, அப்பாவா? நல்லதாப் போச்சு. பெரியவரே, நீங்க ஏறிப் பழத்து மேல ஏத்துங்க. வீட்டுப் பெரியவங்கதான் மொதல்ல எடுக்கணும்," என்றார். ராஜு கூச்சமே இல்லாமல் படியில் கால் வைத்தார். கலாதேவி சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றாள். சாமி முன்னால் அப்பனிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு வந்திருக்கும், ஆனால் எனக்கு முன்னால் கம்புச் சத்தம் கேட்டது.

ராக்காயியம்மா படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"எறங்குய்யா," என்றார். "ஒன்ன நம்பி ஏறினேன், காலு போச்சு. இது எம் மவ கழுவுன பஸ்ஸு, எம் மவ ஓட்டுன பஸ்ஸு. அவதான் எடுப்பா."

"தாய் தகப்பன்ல ஒருத்தராவது மொதல்ல..." என்று பூசாரி இழுத்தார்.

"நான் ஏறுறேன், சாமி. அவ ஓட்டட்டும்."

ராஜு இறங்கி ஒதுங்கினார். பூசாரி அவர் கையில் கொஞ்சம் பொங்கலைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை. படி உயரம். ராக்காயியம்மா கம்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். உள்ளே ஏறியிருந்த கலாதேவி அவரைத் தூக்கி, முன் இருக்கையில் உட்கார வைத்தாள். அம்மாவின் உடம்பு நடுங்கியது. மகளின் முகம் கண்ணீரில் நனைந்திருந்தது, துடைக்கக்கூட இல்லை.

"என்னாத்தப் பாக்குற? எடு," என்றார் அம்மா.

பழங்கள் நசுங்கின. கருப்பம்மாள் அக்கா குலவை போட்டார். நாங்கள் கத்திக்கொண்டே முண்டியடித்து ஏறினோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் கத்தியதில்லை. பஸ் சாலைக்கு வந்தது. அம்மா கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடாமல், கடைகளையும் மரங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் மகள் பக்கம் திரும்பினார்.

"என்னாடி இப்படி ஊர்ற? கொஞ்சம் மிதியேன்லா."

பஸ்ஸே சிரிப்பில் அதிர்ந்தது. கலாதேவியும் சிரித்தாள், ஆனால் மிதிக்கவில்லை. எங்களை எப்போதும் கூட்டிக்கொண்டு போகிற அதே வேகத்தில்தான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.